ஆயில் பிரஷர் விளக்கு: அளந்து பார்க்காமல் சுவிட்சை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போதே தம் மோட்டார் சைக்கிளில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்ததாகக் கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு, தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் இரண்டே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிக்கொள்ளவும், அளவு சரியாக இருந்தால் பிரஷர் சுவிட்சை மாற்றிவிடவும் என்பதே அந்தப் பதில். முதல் வரியில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் வரியை அப்படியே பின்பற்றுகிறவர் இன்ஜினையே இழக்க நேரிடலாம் என்பதால், பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அவ்விரு வரிகளுக்கும் இடையே விடுபட்டுப்போனவற்றை எழுத விரும்புகிறேன்.

அந்தச் சிவப்பு விளக்கை ஆயில் அளவைக் காட்டும் விளக்கு என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில வண்டிகளில் அளவுக்கென்று தனி விளக்கு உண்டு; இது அதுவல்ல. இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் முதன்மைப் பாதையில் திருகப்பட்டிருக்கும் சிறிய சுவிட்ச் ஒன்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வும், ஒரு ஸ்பிரிங்கும், ஒரு மின்முனையும் இருக்கின்றன. அழுத்தம் இல்லாதபோது ஸ்பிரிங் அந்த முனையை மூடியே வைத்திருப்பதால் மின்சாரம் இன்ஜின் உடலுக்கு எர்த் ஆகி விளக்கு எரிகிறது. அழுத்தம் வந்து சவ்வைத் தள்ளியதும் முனை விலகி விளக்கு அணைகிறது. சாவியைத் திருப்பியவுடன் விளக்கு எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். சாவியைத் திருப்பும்போதே விளக்கு எரியவில்லை என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். பல்பு போயிருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், சுவிட்ச் திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். தேவையில்லாமல் எரியும் விளக்கைவிட, எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கே ஆபத்தானது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இத்தகைய சுவிட்சுகள் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தத்துக்குள் இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களின் சர்வீஸ் கையேடுகளோ, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு நிமிடத்துக்கு 5000 சுழற்சி அளவில் சுமார் 5 பார் அழுத்தம் இருக்க வேண்டும் என்கின்றன. 5 பார் இருக்க வேண்டிய இடத்தில் 1 பார் மட்டுமே இருந்தாலும் விளக்கு எரியாது. அழுத்தம் கிட்டத்தட்ட முற்றிலும் போன பிறகுதான் அது எரியும். ஆகவே விளக்கு எரிவது கடைசி எச்சரிக்கையாகும். அது அணைந்திருப்பதை இன்ஜின் நலமாக இருப்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாது. சுவிட்சை மாற்றியதும் விளக்கு அணைந்துவிட்டது, வேலை முடிந்தது என்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் பம்ப் உண்டாக்குவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்துக்கு எதிரே இருக்கும் தடைதான் அழுத்தமாக மாறுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதும், விரலை எடுத்தால் வெறுமனே வழிவதும் இதனால்தான். இன்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்வது, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங் ஷெல் என்ற வளைந்த உலோகத் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. புதிய இன்ஜினில் அது ஏறத்தாழ 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலத்தின் மீதுதான் ஷாஃப்ட் சுழல்கிறது, உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்வதில்லை. தேய்ந்து இடைவெளி அகன்றால் ஆயில் எளிதில் வழிந்துவிடுகிறது, அழுத்தம் குறைகிறது. பம்புக்கு ஆயில் கிடைக்காவிட்டாலும், கிடைத்த ஆயில் நீர்த்திருந்தாலும், வேறு ஏதேனும் வழியில் அது திரும்பி ஓடிவிட்டாலும் முடிவு ஒன்றுதான். விளக்கால் இவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது.

ஓடும்போது விளக்கு எரிந்தால் என்ன செய்வது? கிளட்சைப் பிடித்து, கில் சுவிட்சால் இன்ஜினை உடனே நிறுத்தி, வண்டி உருளும் வேகத்திலேயே சாலை ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. பாரத்தோடு சுழலும் ஷெல் பேரிங் ஆயில் இல்லாமல் நிமிடக்கணக்கில் தாங்காது. பேரிங் இறுகி இன்ஜின் பிடித்துக்கொண்டால் பின்சக்கரமும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால் இதில் ஓட்டுபவரின் உயிரும் அடங்கியிருக்கிறது. கிளட்சை முதலில் பிடிக்கச் சொன்னதும் அதனால்தான்.

நிறுத்திய பிறகு ஆயில் அளவைப் பார்ப்பது சரியே. ஆனால் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் பார்த்தால் அளவு தவறாகத்தான் தெரியும். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி, ஆயில் கீழே வடியச் சில நிமிடங்கள் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை மரை ஏற்றிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்ளவும். ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் டிரை சம்ப் இன்ஜின்களில், பல நாள் நின்ற வண்டியின் ஆயில் மெல்ல இறங்கி கிராங்க் கேஸுக்குள் சேர்ந்திருக்கக்கூடும். அப்போது தொட்டியைப் பார்த்துவிட்டுக் குறைந்திருக்கிறது என்று ஊற்றினால், பிறகு இன்ஜின் ஓடியதும் அளவு மிஞ்சிவிடும். மிஞ்சுவதும் கேடுதான்: சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிட, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது.

அளவு பார்த்த கையோடு டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள் என்பேன். கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃபுளோட் நீடில் சரியாக மூடாத வண்டிகளில் பெட்ரோல் சிலிண்டர் வழியே கசிந்து ஆயிலில் கலந்துவிடும். ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், விரலில் தேய்த்தால் தண்ணீர் போல ஓடும். அளவு சரி, அதனால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டுகிறவர் தவறிவிழும் இடம் இது. அளவு சரியாகத்தான் இருக்கிறது, இருப்பதில் ஒரு பங்கு பெட்ரோல். அப்படிப்பட்ட இன்ஜினை ஓட்டுவது தீப்பிடிக்கவும் வழி செய்யும். நீடிலைச் சரிசெய்து ஆயிலையும் பில்டரையும் மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். தண்ணீர்க் குளிர்விப்பு உள்ள வண்டியில் அது கூலன்ட் கசிவாக இருக்கலாம்.

அடுத்து, விளக்கு எப்போது எரிகிறது என்று வண்டிக்காரரிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். வளைவில் சாயும்போதோ, அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதோ கண் சிமிட்டி அணைந்தால், ஆயில் குறைந்து, உறிஞ்சும் வாயை விட்டு ஒதுங்குகிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் சூடான இன்ஜின் சிக்னலில் ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரைத் திருகாத குறைந்த வேகத்தில், நிற்கும்போது மினுக்கி, ஆக்சிலேட்டரைச் சற்றுத் திருகியதும் அணைந்தால், ஆயில் நீர்த்திருக்கலாம், ஸ்லோ மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம், பம்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். வேகத்தில் போகும்போது எரிந்தால் நிலைமை மோசம். அதிக ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபடி உறிஞ்சும் பாதை அடைபட்டிருக்கக்கூடும். குளிர்ந்த இன்ஜினாக இருந்தாலும் சூடான இன்ஜினாக இருந்தாலும், எந்த வேகத்திலும் மாறாமல் எரிந்துகொண்டே இருந்தால், ஒன்று அழுத்தம் அறவே இல்லை, அல்லது ஒயரிங்கிலோ சுவிட்சிலோ கோளாறு.

ஒயரிங்கைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் அந்த ஒயர் வழியில் எங்கோ உரசித் தோல் பிய்ந்து, பிரேமிலோ இன்ஜினிலோ எர்த் ஆகிறது. கழற்றிய முனையை இன்ஜின் உடலில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது பல்பு போயிருக்கிறது. ரப்பர் மூடியை விலக்கும்போதே உள்ளே ஆயில் தேங்கியிருந்தால், சவ்வு கிழிந்து சுவிட்ச் கசிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தச் சுவிட்சை மட்டும் தயங்காமல் மாற்றலாம். இந்தச் சோதனை ஒயரும் விளக்கும் சரியா என்று சொல்லுமே தவிர, ஆயில் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது அளவுமானி ஒன்றுதான். சுவிட்சைக் கழற்றிய அதே துளையில் பொருத்தமான அடாப்டரோடு ஆயில் பிரஷர் கேஜைத் திருகி, இன்ஜினை ஓடவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். துளையின் மரை பல வண்டிகளில் கூம்பு வடிவில் இருக்கும். இன்ஜின் கேஸோ அலுமினியம். பொருந்தாத அடாப்டரைப் பலம் கொடுத்துத் திருகினால் கேஸ் விரிசல் விட்டுவிடும், அது ஆயில் பிரச்சினையைவிடப் பெரிய செலவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எடுக்கும் அளவு பயன்படாது என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். 40 கிரேடு (கிரேடு என்பது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) ஆயில் ஒன்றின் பிசுபிசுப்பு 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைக் காட்டிலும் 100 டிகிரியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே குளிரில் நல்ல அழுத்தம் காட்டும் தேய்ந்த இன்ஜின்கள் நிறைய உண்டு. கையேடு சொல்லும் ஆயில் வெப்பநிலை வரும் வரை ஓடவிட்டு, அது சொல்லும் சுழற்சி வேகத்தில் அளக்க வேண்டும். விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்த வண்டியாக இருந்தால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளுக்குள் முள் எழாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். முள் எழுந்து, சூடான பிறகும் கையேட்டின் அளவில் நிற்கிறது என்றால் அப்போது மட்டுமே, சுவிட்ச்தான் குற்றவாளி என்று சொல்லும் உரிமை மெக்கானிக்குக் கிடைக்கிறது.

முள் நடந்துகொள்ளும் விதமும் வழி காட்டும். குளிரில் சரியாக இருந்து, சூடானதும் ஸ்லோவில் தாழ்ந்து, வேகம் கூடக் கூட ஏறினாலும் உரிய அளவை எட்டாமல் நின்றால் பேரிங் அல்லது பம்பின் தேய்மானம். ஸ்லோவில் சுமாராக இருந்து, வேகம் கூடும்போது ஏறாமல் தடுமாறினாலோ இறங்கினாலோ, இன்ஜினின் கீழே ஆயில் தேங்கும் சம்பின் அடியில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்த கிளட்ச் பிளேட்டின் துகளும், கேஸ்கட்டுக்குத் தேவைக்கு மேல் பூசி உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்த சிலிக்கான் பசையும் அதில் அடைத்துக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். பசையைப் பட்டையாகப் பூசுவதை நேர்த்தி என்று நினைக்கும் பழக்கம் நம் தொழிலை விட்டு எப்போது போகுமோ! எந்த வேகத்திலும் அழுத்தம் குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த அளவைத் தாண்டவில்லை என்றால், மிகையான அழுத்தத்தைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு தூசு சிக்கித் திறந்தே நிற்கிறதா என்று பார்க்கலாம். கழுவி மாட்டினாலே சரியாகிவிடும் பழுது அது. முள் அசையவே இல்லை என்றால் பம்பைச் சுழற்றும் பல்சக்கரமோ, செயினோ, பின்னோ விட்டுப்போயிருக்கும்.

பில்டரை எல்லோரும் முதலில் குறை சொல்வார்கள். அடைபட்ட பில்டரால் மட்டும் விளக்கு எரிவது அரிது. அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து ஆயிலை வடிகட்டாமலே உள்ளே விட்டுவிடும், அது வேறு விதமான கேடு. ஆனால் ஆயில் மாற்றிய உடனே விளக்கு எரியத் தொடங்கியிருந்தால் பில்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கேஸுக்குள் வைக்கும் காகித பில்டர்கள் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே திறப்பு இருக்கும்; திருப்பி வைத்தால் ஆயில் போகும் வழியே அடைபட்டுவிடும். ஸ்பிரிங்கோ ஓ-ரிங்கோ பழைய பில்டரோடு குப்பைக்குப் போயிருக்கலாம். திருகும் வகை பில்டரில் பழைய ரப்பர் கேஸ்கட் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை ஏற்றிவிட்டால் ஆயில் முழுவதும் வெளியே பீய்ச்சிவிடும்.

கழற்றிய பில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ரம்பம் போட்டு அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். பில்டர் வெட்டும் கட்டரால் மூடியை எடுத்து, மடிப்புக் காகிதத்தைக் கத்தியால் அறுத்தெடுத்து, பிழிந்து, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால், காந்தத்தில் ஒட்டும் கருஞ்சாம்பல் நிற மைபோன்ற இரும்புத் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பே. காந்தத்தில் ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னும் செதில்கள் மடிப்புகளில் தெரிந்தால், பேரிங் ஷெல்லின் மேற்பூச்சு தேய்ந்து அடிப்பூச்சு உதிர்கிறது. அதன் பிறகு எந்த ஆயிலை ஊற்றியும் பயனில்லை, இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும். வெண்மையாக மின்னினால் அலுமினியம். பம்ப் உடல், பிஸ்டன், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் அமரும் இடம் என்று தேடிப்போக வேண்டும். கேம் ஷாஃப்ட் ஆயில் போய்ச் சேரும் பாதையின் கடைசியில் இருப்பதால், அழுத்தம் குறைந்த இன்ஜினில் மேலிருந்து வால்வுப் பகுதியின் டேப்பெட் சத்தம் எழுவதை முதல் அறிகுறியாகப் பல முறை கேட்டிருக்கிறேன். பாரம் ஏறும்போது கீழிருந்து கனத்த இடி போலக் கேட்டால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனைப் பேரிங் போய்விட்டது.

கெட்டியான ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10டபிள்யூ-40 ஊற்ற வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் ஸ்லோவில் மினுக்கிய விளக்கு பெரும்பாலும் அணைந்துவிடும். இதை வைத்தியம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். தேய்ந்த இடைவெளி தேய்ந்தபடியே இருக்கிறது. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கெட்டியான ஆயில் மேலே ஏறத் தாமதமாவதால் கேம் ஷாஃப்டின் தேய்மானம் கூடவும் செய்யும். மறுபுறம், ஆயிலே காரணமாக இருக்கும் வண்டிகளும் உண்டு. கியர் பற்களுக்கிடையே நசுங்கி நசுங்கி ஆயிலின் கெட்டித்தன்மையைக் காக்கும் பாலிமர்கள் அறுபடுவதால், 40 கிரேடாக ஊற்றிய ஆயில் மாற்றும் காலம் நெருங்கும்போது 30 கிரேடின் அளவுக்கு இறங்கியிருக்கக்கூடும். உரிய காலம் கடந்தும் மாற்றாத வண்டியில், கையேடு சொல்லும் கிரேடிலேயே புது ஆயிலை ஊற்றிவிட்டு மறுபடியும் அளப்பதுதான் முறை. காருக்கான ஆயில் வேண்டாம். கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் வண்டிகளுக்கென ஜப்பானில் 1998இல் வகுக்கப்பட்ட ஜாசோ தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

100, 125 சிசி வண்டி வைத்திருக்கும் வாசகர்கள், எங்கள் வண்டியில் அப்படி ஒரு விளக்கையே காணோமே என்று கேட்கக்கூடும். சிறிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் கிராங்க் ஷாஃப்ட் பால் பேரிங்கிலும் ரோலர் பேரிங்கிலும் சுழல்வதால், குறைந்த அழுத்தமும் தெறிக்கும் ஆயிலுமே அவற்றுக்குப் போதும், சுவிட்சே வைப்பதில்லை. அவர்களுக்கு டிப்ஸ்டிக் ஒன்றுதான் எச்சரிக்கை விளக்கு.

பழுது நீக்கிய பிறகு முதல் முறை ஸ்டார்ட் செய்வதிலும் கவனம் வேண்டும். பம்பையோ பேரிங்கையோ மாற்றியிருந்தால் ஆயில் பாதைகள் வெறுமையாக இருக்கும். பம்பைப் பூட்டும் முன்பே அதற்குள் ஆயில் ஊற்றி நிரப்பிவிட வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தீப்பொறி பறக்காதபடி கையேட்டின் முறைப்படி இக்னிஷனையும், பெட்ரோல் தெளிக்காதபடி இன்ஜெக்டரையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அழுத்தி, கேஜின் முள் எழும் வரை இன்ஜினைச் சுற்றவிட வேண்டும். அதன் பின்னரே பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்து, சூடான பின் மீண்டும் ஒரு முறை அளந்து, அந்த அளவையும் சுழற்சி வேகத்தையும் பில்லிலேயே எழுதிக் கொடுக்கும்படி வண்டிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேள்வி கேட்டிருந்த வாசகர் இன்னும் சுவிட்சை மாற்றாமல் இருந்தால், அதைக் கழற்றும் நாளிலேயே அந்தத் துளையில் கேஜை வைத்துப் பார்க்கச் சொல்லுமாறு, தங்கள் வாகனப் பகுதியின் வழியாக அவருக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்